வெள்ளத்தை அறிந்திருந்த வீடுகள்

மட்டக்களப்பு வாவி என்பது புத்தகத்தில் உள்ள பெயர். எமது ஊர்ப் பேச்சில் அது ஆறு. "ஆத்துக்குப் போயிட்டார்", "ஆத்து மீன்", "ஆத்தங்கரை வளவு" என்றுதான் சொல்வோம். 56 கிலோமீற்றர் நீளமான இந்த நீர்ப்பரப்பு கடலோடு சேருவது இரண்டே இடங்களில்தான். வடக்கே பாலமீன்மடு, தெற்கே கல்லாறு. கோடையில் அந்த வாய்களை மணல் மூடிவிடும். தண்ணீர் அசையாமல் குளம் போலக் கிடக்கும். மாரி வந்து, மேற்கேயுள்ள காடுகளின் மழைநீரும் உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் வான் தண்ணீரும் ஒன்றாக வந்து விழும்போதுதான் அதை ஏன் ஆறு என்கிறார்கள் என்பது விளங்கும்.

இந்த ஆற்றில் பாடும் மீனைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அதன் கரையிலுள்ள பழைய வீடுகளைப் பற்றி. குறிப்பாக ஒரு வளவைப் பற்றியும், அந்த வளவில் நான் விட்ட ஒரு பிழையைப் பற்றியும்.

பட்டணத்திலிருந்து தொடங்குகிறேன். மட்டக்களப்பு நகரின் பழைய பகுதியான புளியந்தீவு உண்மையாகவே ஒரு தீவு. 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியதும், 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றியதும் இங்கேதான். நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், ஓர் ஒப்படைக்காகப் புளியந்தீவின் பழைய வீடுகள் சிலவற்றுக்குப் போனேன். தடித்த சுவர், ஓட்டுக் கூரை, தூண் வைத்த விறாந்தை, இழைத்த மரக் கதவுகள். இங்குள்ள பறங்கியர் சமூகத்தில் பலர் தச்சு வேலையில் பேர் போனவர்கள். அந்தக் கதவுகளைப் பார்த்தால் அது தெரியும். போன வீடுகளில் எல்லாம் இன்னொன்றையும் கவனித்தேன். வாசலுக்குப் போக மூன்று நான்கு படி ஏற வேண்டியிருந்தது. படி எவ்வளவு உயரமோ குடும்பத்தின் அந்தஸ்தும் அவ்வளவு உயரம் என்று ஒப்படையில் எழுதினேன். எழுதும்போது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

பிறகு ஒரு வீட்டுக்கார அம்மாவிடம் அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "அந்தஸ்தோ? அம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் மூண்டாம் படியில நிண்டது, பிள்ளை. நாலாம் படி எங்கட தாத்தா கட்டினது" என்றார்.

1957 டிசம்பரில் பெய்த மழை வடக்கிலும் கிழக்கிலும் பல குளங்களை உடைத்தது. எமது மாவட்டத்தில் முதியவர்கள் தங்கள் வயதைக் கணக்குப் பார்ப்பது இரண்டு ஆண்டுகளை வைத்துத்தான். ஒன்று அந்த வெள்ளம். மற்றது 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி. "அம்பத்தேழில நான் பெரிய பிள்ளை", "சூறாவளிக்கு இவன் கைக்குழந்தை" என்று சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பிறந்த சான்றிதழில் வேறு வருடம் இருந்தாலும் நான் இந்தக் கணக்கையே நம்புவேன்.

ஆற்றுக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம், எழுவான்கரை. மேற்கே படுவான்கரை. படுவான்கரை வயல் நிலம். அதன் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். வவுணதீவு, மகிழடித்தீவு, முதலைக்குடா, கன்னன்குடா, அம்பிளாந்துறை, மண்முனை. தீவு, குடா, துறை, முனை என்று எல்லாமே தண்ணீரோடு சேர்ந்த பெயர்கள். கோடையில் போகிறவர்களுக்கு மகிழடித்தீவில் தீவு எங்கே என்று கேட்கத் தோன்றும். பெருமழையின்போது ஒரு தடவை போனால் கேட்கமாட்டார்கள். தாழ்ந்த இடமெல்லாம் தண்ணீர் பரவ, குடியிருப்பு மட்டும் மேடாக மிஞ்சி நிற்கும். 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை நாங்கள் அங்கே ஆற்றைக் கடந்தது பாதையில்தான். வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன், பாதை என்றால் இங்கே தெரு அல்ல. ஆட்களையும் சைக்கிள்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு அது பெயர்.

வெள்ளம் ஏறினால் இரு கரையிலும் கேட்கும் முதற் கேள்வி "ஆத்துவாய் வெட்டியாச்சா?" என்பதுதான். வாயை மூடியிருக்கும் மணலை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்குப் பாயும். வயல்காரருக்கு அதை நேரத்தோடு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளாமை அழுகும். மீன்பிடிப்பவருக்கோ அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும். இந்தச் சண்டை பழையது. அது நடக்கும் இடத்தில் ஆண்களையே கண்டிருக்கிறேன். வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது பிள்ளையையும் நெல்லையும் எதன் மேல் ஏற்றுவது என்று தீர்மானிக்கிறவள் பெண்.

கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஓர் ஊரில்தான் நான் சொல்ல வந்த வளவு இருக்கிறது. அங்கே உள்ள பெத்தாவுக்கு எண்பது கடந்துவிட்டது. மகளுக்கு நாற்பத்தைந்து வயது. நான் அவரை அக்கா என்பேன். அவரோ என்னை மிஸ் என்பார், எத்தனை முறை சொன்னாலும் மாற்றமாட்டார். பேத்திக்கு இருபத்திரண்டு. பெத்தாவின் மூத்த பிள்ளை ஆண். அவர் எழுவான்கரையில் கலியாணம் முடித்து அங்கேயே இருக்கிறார். அதுதானே எமது வழக்கம். ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவான், வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் நீண்ட கதை உண்டு. மட்டக்களப்பில் முன்பு முக்குவர் சட்டம் என்று ஒன்று இருந்தது. முதுசச் சொத்துத் தாய்வழியில், மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை அது. பிறிற்றோ என்பவர் அதை 1876இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அதே 1876இல் வந்த மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அந்த முறை நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. சட்டம் போனது, வழக்கம் போகவில்லை. தாய்மார் தங்கள் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஒதுங்குவது இன்றும் நடக்கிறது.

"ஒரு பொம்புளப் புள்ள குமரானா, வளவுக்குள்ள ஒரு திட்டி எழும்பும். அதுதான் எங்கட கணக்கு" என்றார் பெத்தா. அவர்கள் வளவில் வீடு கட்டுமுன் மண்ணைக் குவித்து மேடு எழுப்புவார்கள். மண் எடுப்பது எப்போதும் ஒரே மூலையில். அந்தக் குழி குட்டையாகி, வெள்ளம் வரும்போது முதலில் நிறையும். குட்டை நிறைந்தால் சாமான்களைக் கட்டத் தொடங்க வேண்டும். பெத்தாவின் தாயின் திட்டி புளியமரத்தடியில் இன்றும் தெரிகிறது. அதையடுத்துப் பெத்தாவின் திட்டி. அக்காவுக்கென்று எழுப்பிய திட்டியில் வீடு இல்லை. ஏன் இல்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தத் திட்டிகளின் மேல் இருந்தவை மண் வீடுகள். காட்டு மரத்தில் கால் நட்டு, குறுக்கே வரிச்சுக் கட்டி, இடையில் புற்றுமண் குழைத்து வைத்துச் சுவர் எழுப்புவது. மேலே இலுக்கு அல்லது கிடுகு. 57 வெள்ளத்தின்போது பெத்தா பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவர் சொன்னதை அவரது பேச்சிலேயே தருகிறேன்.

"ராவு. நாயெல்லாம் ஊளையிட்டுது. அம்மா லாம்பப் புடிச்சிப் பார்த்தா முத்தத்துல தண்ணி. மறுகா திட்டியில ஏறிட்டுது. அம்மா என்ன செஞ்சா தெரியுமா புள்ள? உலக்கைய எடுத்து, சுவத்த அடியில ரெண்டு பக்கமும் இடிச்சு விட்டா. வீட்ட இடிக்கிறாள் எண்டு அப்பா சத்தம் போட்டார். 'தண்ணி போகட்டும், வீடு நிக்கட்டும்' எண்டா. நாங்க அஞ்சு பேரும் பரண்ல இருந்தம். கீழால தண்ணி இந்தப் பக்கத்தால வந்து அந்தப் பக்கத்தால போய்த்து. விடியக்குள்ள காலும் கூரையும் அப்படியே நிண்டது. மண் மட்டும்தான் இல்ல. மண் எங்க போகும்? காலடியிலதானே கிடக்கும்."

இதைக் கேட்டபோது நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். பாய்கிற தண்ணீருக்கு எதிரே மூடிய சுவர் நின்றால் தண்ணீர் அதைத் தள்ளும். வழி விட்டால் தள்ளாது. இதைப் பொறியியலாளர்கள் படித்துத் தெரிந்துகொள்கிறார்கள். அந்தத் தாய் எழுதப் படிக்கத் தெரியாதவர்.

ஆனால் மண் வீட்டைப் பற்றிக் கவிதை பாட எனக்கு விருப்பமில்லை. அந்தச் சுவரை மெழுகிய கைகள் பெண்களின் கைகள். வருடா வருடம் சாணமும் மண்ணும் சுமந்து, வெள்ளத்துக்குப் பின் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, முதுகு வளைந்தவர்கள் அவர்கள். ஈரச் சுவர்ப் பொந்தில் பாம்பு இருக்கும். 78 சூறாவளி பெத்தாவின் கூரையை ஒரே இரவில் கொண்டுபோனது. தென்னைகள் சரிந்ததால் பின்பு கிடுகும் கிடைக்கவில்லை. அந்த ஊரில் பலரும் தகரத்துக்கு மாறியது அப்போதுதானாம். கல்வீடு வேண்டுமென்று எமது பெண்கள் ஆசைப்படுவது நியாயமானது. கல்வீட்டை எங்கே, எவ்வளவு உயரத்தில், யாருடைய பெயரில் கட்டுவது என்பதுதான் கேள்வி.

2007 மார்ச்சில் படுவான்கரைச் சனங்கள் ஷெல் வீச்சுக்கு மத்தியில் ஆற்றைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடினார்கள். உங்களில் பலர் அந்த நாட்களில் முகாமில் இருந்திருப்பீர்கள். அக்காவின் கணவர் மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனார். வரவில்லை. அக்கா நாலு வயது மகளோடும் பெத்தாவோடும் தறப்பாளின் கீழ் இருந்தார். திரும்பி வந்தபோது வீடு இல்லை, திட்டிகள் இருந்தன. பெத்தா தன் திட்டியின் மேலேயே ஒரு கொட்டில் போட்டார். 2011 ஜனவரியில் பெருவெள்ளம் வந்தது. நாட்டில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். எமது மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒன்று. அந்தக் கொட்டிலுக்குள் தண்ணீர் போகவில்லை.

அந்த வருடம்தான் நான் முதல் தடவை அங்கே போனேன். பல்கலைக்கழக இறுதி வருடம். ஒரு வீட்டுத் திட்டத்துக்குப் படிவம் நிரப்பத் தொண்டர்கள் தேவைப்பட்டார்கள். திட்டத்தின் தொழினுட்ப உத்தியோகத்தர் வீதியோரத் தாழ்நிலத்தைக் காட்டி அங்கே கட்டச் சொன்னார். கல் ஏற்றி வரும் லொறி அவ்வளவு தூரம்தான் வரும். அக்காவின் திட்டியைக் காட்டிப் பெத்தா ஏதோ சொன்னார். "இது சீமெந்து வீடு பெத்தா, கரையாது" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

படிவத்தில் குடும்பத் தலைவர் என்று ஓர் இடம் இருந்தது. நான் கேட்டேன். அக்கா பேசாமல் இருந்தார். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "அவர் வருவார்தானே அக்கா" என்று சொல்லிக் கணவரின் பெயரை எழுதினேன். பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் பற்றி அதே வருடம் பரீட்சையில் நான்கு பக்கம் எழுதியவள் நான். நாலு வருடமாக அந்தக் குடும்பத்தை நடத்தியவர் என் முன்னால் குந்தியிருக்க, அங்கே இல்லாத ஒருவரின் பெயரை என் கையெழுத்தில் எழுதினேன்.

வீடு வந்தது. கடிதமும் கணவரின் பெயரில் வந்தது. பல வருடங்களுக்கு யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சுவர் மட்டும் யன்னல் மூலைகளில் வெடிக்கத் தொடங்கியது. அது களிமண் நிலம். நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். ஆழமில்லாத அத்திவாரம் அதோடு சேர்ந்து அசையும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையகத்தில் மண்சரிவுகள் முழுக் குடும்பங்களையே புதைத்தன. அதோடு ஒப்பிட்டால் எமது வளவில் நடந்தது சிறியது. அக்காவின் வீட்டுக்குள் யன்னலடி மட்டும் தண்ணீர். பின்சுவர் பிளந்தது. மூன்று பேரும் மூன்று இரவுகள் பெத்தாவின் திட்டியில், கொட்டிலில் இருந்தார்கள். டிசம்பரில் நான் சேத விபரம் எடுக்கப் போனபோது, திருத்த உதவிக்கான விண்ணப்பத்தில் வீட்டு உரிமையாளரின் கையொப்பம் கேட்கப்பட்டிருந்தது. கடிதத்தை எடுத்து வந்து காட்டினார் அக்கா. பொலித்தீன் பையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். அதே நேரம் பேத்திக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சீதன வீட்டின் பத்திரத்தைப் பார்க்கக் கேட்டிருக்கிறார்கள். அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க எழுதின படிவம்தான் மிஸ், ஞாபகமா?" என்று மட்டும் கேட்டார். ஞாபகம் இருந்தது.

பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் விசாரித்தோம். முதலில் காணி யாருடையது என்று பாருங்கள் என்றார்கள். பெத்தா ஒரு பழைய தகரப் பெட்டியைத் திறந்து அனுமதிப்பத்திரத்தை எடுத்தார். அவருடைய பெயரில்தான் இருந்தது! காணிக் கச்சேரி வைத்து அனுமதிப்பத்திரம் கொடுத்த காலத்தில் பெத்தாவின் கணவர் எழுந்து நின்று, "வளவு பொஞ்சாதிட, அவட பேர்ல எழுதுங்க" என்றாராம். பட்டம் பெற்ற எனக்குத் தோன்றாதது அந்த வயல்காரருக்குத் தோன்றியிருக்கிறது.

ஆனால் அதோடு முடியவில்லை. அனுமதிப்பத்திரக் காணிக்குப் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பின் அது யாருக்கு என்பதை, உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். பெத்தா செய்யவில்லை. அப்படிச் செய்யாமல் இறந்தால், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி முன்பு மகள்மாரை முந்தி மகன்மாருக்கே உரிமை போகும். ஆணுக்கு முதலிடம் என்ற அந்த ஒழுங்கு 2022இல் செய்த திருத்தத்தால் நீங்கியது. ஆனாலும் வயதில் மூத்தவருக்கே முன்னுரிமை. பெத்தாவின் மூத்த பிள்ளை எழுவான்கரையில் இருக்கும் மகன். அவர் ஒருபோதும் வளவைக் கேட்கமாட்டார், நல்ல மனிதர். அவருடைய பிள்ளைகளும் கேட்கமாட்டார்கள் என்று யார் சொல்ல முடியும்?

சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஒரு பத்திரப் பெட்டி இருந்தால் இன்றே திறந்து பாருங்கள். வழக்கம் ஒன்று சொல்லும், பத்திரம் இன்னொன்று சொல்லும். கணவர் காணாமற் போனவராக இருந்து, மரணச் சான்றிதழ் எடுக்க உங்களுக்கு மனம் இல்லாவிட்டால், அவர் காணாமற் போயிருக்கிறார் என்பதை மட்டும் பதிவு செய்யும் சான்றிதழ் ஒன்றுக்கு 2016இல் சட்டம் இடமளித்திருக்கிறது. அக்கா அதை எடுக்கவும் இன்னும் யோசிக்கிறார். "அவர் செத்தார் எண்டு எழுதேல்லதானே, வடிவாப் பார்த்தீங்களா மிஸ்?" என்று இரண்டு முறை கேட்டார். நான் அவசரப்படுத்தவில்லை. ஒருமுறை அவசரப்பட்டு எழுதியது போதும்.

ஒரு திங்கட்கிழமை பெத்தாவை ஓட்டோவில் ஏற்றிப் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப் போனோம். மகனும் எழுவான்கரையிலிருந்து வந்து கூடவே நின்றார். படிவத்தில் அக்காவின் பெயரை எழுதிக் கொடுக்கும்படி உத்தியோகத்தர் என்னிடம் தந்தார். நான் பேனையைப் பேத்தியிடம் கொடுத்தேன். அவள் தாயின் முழுப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டே எழுதினாள். பெத்தா பெருவிரலை மையில் அழுத்தி வைத்தார். பிறகு விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, தேத்தண்ணி வேண்டுமென்றார்.

பேத்தி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்து சேர்த்த காசும், சீட்டுக் காசும் இருக்கிறது. அதில் இரண்டு அறை கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். இடம், பதினைந்து வருடமாக வெறுமையாகக் கிடந்த அக்காவின் திட்டி. மேசன் ஓர் உயரம் சொன்னார். பெத்தா புளியமரத்துக்குப் போய், தன் தாய் 57இல் வெட்டி வைத்த அடையாளம் என்று ஒரு தழும்பைக் காட்டினார். மரம் பருத்துத் தழும்பு அகன்றுபோயிருக்கிறது. அதற்கு மேலே ஒரு சாண் வைத்து அத்திவாரம் கட்டச் சொன்னார். மேசன் முணுமுணுத்தார். இன்னும் நாலு உழவு இயந்திரம் மண் வேண்டும், காசு யார் தருவது என்றார். பேத்தி கணக்குப் பார்த்து, முன் விறாந்தையைக் குறைத்துவிட்டாள். பின்பக்கமும் முன்பக்கமும் நேருக்கு நேராகக் கதவு வைக்கச் சொல்லியிருக்கிறாள், தண்ணீர் போக வழி வேண்டுமாம்.

மாரிக்கு முன் கூரை ஏற வேண்டும். தகரம்தான். அதில் பெத்தாவுக்கு இன்னும் கோபம். வெயிலுக்கு வெந்து சாகப் போகிறீர்கள் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.